மனநோய் மருந்தும் நூலகத் தேடலும்

பாறசாலையைக் கடந்து களியக்காவிளையை நெருங்கும் சிற்றூர்களில் ஒரே திண்ணையில் தமிழும் மலையாளமும் புழங்குகின்றன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் எல்லை வகுக்கப்பட்டபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அடுத்துள்ள விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. ஒரு பொருளுக்கு இரு பெயர் வழங்குவது இவ்வூர்களில் இயல்பு. தமிழில் சர்ப்பகந்தி எனப்படும் மூலிகை மலையாளத்தில் அமல்பொரி என்றும் வழங்கும்.

மனநோய்க்கு மருந்துண்பவர் உள்ள வீட்டில் அயலார் கூற்றுகளுக்குக் குறைவில்லை. “இம்மருந்தே மனத்தைச் சோர்வுறச் செய்யும், நிறுத்திவிடுங்கள்” என்பார் ஒருவர். இதில் உண்மை எவ்வளவு? ஆராய்ச்சியாளர் கூறியதை நாமே தேடிக் காண இயலுமா? இயலும்.

முதலில் மருந்தின் பெயரை அறிதல் வேண்டும். நிறுவனம் சூட்டிய விற்பனைப் பெயரை விடுத்து, மாத்திரை அட்டையில் அச்சிட்டுள்ள வேதிப்பெயரைக் குறித்துக்கொள்க. ஆராய்ச்சி ஏடுகள் பெரும்பாலும் அப்பெயரையே ஆளுகின்றன.

அடுத்து, தேடும் இடம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் ‘பப்மெட்’ என்னும் தகவல் தொகுதி 1997 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் அதில் உள்ளன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அதன் ஓர் ஏற்பாடு பெரிதும் உவப்பானது. ஒரு பொருளின் பல பெயர்களையும் ஒரே தலைப்பின்கீழ்த் தொகுக்கும் சொற்பட்டியல் அது, பெயர் ‘மெஷ்’. மருந்தின் பெயரையும் நோயின் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதி, இடையில் ‘அண்ட்’ என்னும் சொல்லை இட்டால், இரண்டையும் பற்றிய கட்டுரைகள் மட்டும் வரும். பலவற்றின் சுருக்கங்களை இலவசமாகப் படிக்கலாம். சிலவற்றின் முழு வடிவமும் கிடைக்கும்.

சர்ப்பகந்தியையே எடுத்துக்கொள்வோம். கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் 1931இல், இது மனநோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் பயன்படும் என்று எழுதினர். உலகம் அதைப் பெரிதும் கவனிக்கவில்லை. 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், இரத்த அழுத்த நோயாளர் ஐம்பதின்மரிடம் கண்ட பயனை பிரிட்டிஷ் இதய நோய் ஏட்டில் வெளியிட்டார், மேலைநாட்டார் விழித்தனர். 1952இல் சுவிட்சர்லாந்தில் அதன் வேரிலிருந்து ‘ரெசர்பின்’ பிரிக்கப்பட்டது. 1954இல் நியூயார்க்கில் நாதன் கிளைன் அதனை மனநோயாளர்க்கு அளித்து முடிவுகளை வெளியிட்டார். தொகுதியின் முதன்மைப் பகுதி 1946க்குப் பிற்பட்ட ஏடுகளையே கொண்டது. ஆதலின் வகீலின் கட்டுரை எளிதில் அகப்படும். அதற்கு முந்திய கல்கத்தாக் கட்டுரையை அதில் எதிர்பார்த்தல் இயலாது. தொகுதியில் காணாதது உலகிலேயே இல்லை என்று முடிவு கட்டுதல் பிழை.

பின்னர் ரெசர்பின் உண்டோர் சிலர் மனச்சோர்வுற்றதாகக் குறிப்புகள் வந்தன. அக்கருத்து பாடநூல்களிலும் இடம்பெற்றது. ஆயினும் 1955இல் லண்டனில் டேவிஸ், ஷெப்பர்டு ஆகியோர், மருந்து ஒரு சாராருக்கும் வெற்று மாத்திரை மறு சாராருக்கும் கொடுத்து ஒப்பிட்டனர். கவலையும் சோர்வும் உற்றோர்க்கு ரெசர்பின் நன்மையே செய்தது எனக் கண்டனர். சில நோயாளரின் வரலாற்றைக் கூறும் குறிப்பு வேறு; இவ்வாறு ஒப்பிட்டுச் செய்த சோதனை வேறு. ஒரு கட்டுரையை மட்டும் படித்தவர் ஒருபக்க வழக்கையே கேட்டவர். எனவே பல சோதனைகளையும் ஒருங்கே சீர்தூக்கும் மறுஆய்வுக் கட்டுரைகளை முதலில் தேடுதல் நன்று. தொகுதியில் அவற்றை மட்டும் பிரித்துக் காட்டவும் வசதியுண்டு.

கணினி பழகாதவர் ஊர் வாசகசாலையிலோ, 1829இல் தோன்றிய திருவனந்தபுரம் மாநில மைய நூலகத்திலோ நூலகரின் துணையை நாடலாம்.

தேடிக் கண்டதை என் செய்வது? ஒரு தாளில் குறித்து மருத்துவரிடம் கொண்டு சென்று வினவுக. படித்ததை நம்பித் தாமே மருந்தை நிறுத்துதல் கூடாது. திடீரென நிறுத்தினால் தணிந்த நோய் மீளக்கூடும். அயலார் சொல்லுக்கு அஞ்சி நிறுத்தவும் வேண்டா. மருத்துவரிடம் கேளாது வாளா இருக்கவும் வேண்டா. அறிந்து கேட்கும் வினாவுக்கே தெளிந்த விடை கிடைக்கும்.