எதற்கும் தலையாட்டும் தொங்கல் கணக்கு

ஊரில் கணக்கியல் படித்தவர்களுக்குத் தொங்கல் கணக்கு நினைவிருக்கும். பரீட்சை மீதி பொருந்தாவிட்டால் வித்தியாசத்தை அதில் போட்டு வைப்போம். பிழை பிடிபட்டதும் அதை மூடிவிடுவோம். சிட்னியிலும் மெல்பேர்ணிலும் மென்பொருள் வேலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகளிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. பைதன் மொழியில் அதன் பெயர் மெஜிக்மொக். மைக்கல் ஃபூர்ட் எழுதிய மொக் நூலகத்தைச் சேர்ந்த இது, 2012இல் வந்த பைதன் 3.3 முதல் மொழியோடு சேர்ந்தே வருகிறது.

ஒரு கடையின் சம்பள நிரலைப் பரிசோதிக்கிறோம் என்று வையுங்கள். சம்பளம் போடும் ஒவ்வொரு முறையும் அது வரித் திணைக்களத்துக்கு விபரம் அனுப்பும். பரிசோதனையில் உண்மையாக அனுப்பக்கூடாது. ஆகவே அனுப்பும் பகுதிக்குப் பதிலாக மெஜிக்மொக்கை இருத்துகிறோம். 'அனுப்பு' என்றாலும் 'திருத்து' என்றாலும் அது மறுக்காது. என்ன கேட்கப்பட்டது என்று குறித்து வைத்துக்கொள்ளும்.

இதன் சூட்சுமம் எளிது. ஒரு பொருளில் இல்லாத பெயரைக் கேட்டால் பைதன் வழு காட்டும். ஆனால் 'கெட்அட்டர்' என்ற சிறப்புச் செயல்முறையை எழுதி வைத்திருந்தால், முதலில் அதனிடம் கேட்கும். அதுவும், பொருளை அழைக்கும்போது இயங்கும் 'கோல்' செயல்முறையும் அந்தப் பொருளையே திருப்பித் தந்தால் போதும். எத்தனை அழைப்புகளை அடுக்கினாலும் நிரல் நிற்காது. கூட்டல், நீளம் போன்றவற்றுக்குத் தனிச் செயல்முறைகள் வேண்டும். மெஜிக்மொக்கில் அவை தயாராகவே இருக்கின்றன.

ஆபத்தும் அங்கேதான். மெஜிக்மொக்கைத் தசம எண்ணாக மாற்றினால் 1.0 என்று வரும். சம்பளத் தொகை இருக்கவேண்டிய இடத்தில் அது தவறி நின்றால், 2025 யூலை முதல் நடைமுறையில் உள்ள 12 சதவீதப்படி சுப்பர் 12 சதம் என்று கணக்காகும். வழு எதுவும் வராது. உண்மையான நிரலில் 'அனுப்பு' என்பதைச் 'சமர்ப்பி' என்று மாற்றிய பிறகும், மொக் பழைய பெயரை ஏற்றுக்கொள்ளும். பரிசோதனை வெற்றி என்று காட்டும். சம்பள நாளில்தான் குட்டு வெளிப்படும். இழப்பு, சம்பளத் துண்டைச் சரிபார்க்கத் தெரியாத புதிதாக வந்த தொழிலாளிக்கு.

இதற்குப் பரிகாரம் 'கிரியேட் ஓட்டோஸ்பெக்'. உண்மையான பொருளைக் காட்டி மொக்கை உருவாக்கினால், அதில் உள்ள பெயர்களை மட்டும், சரியான உள்ளீடுகளோடு மட்டும் அது ஏற்கும். மற்றதற்கு வழு காட்டும்.

தொங்கல் கணக்கைத் திறப்பது குற்றமல்ல. அதை இறுதிக் கணக்கு வரை மூடாமல் விடுவதுதான் குற்றம். மொக்கும் பரிசோதனைக்குள் இருக்கட்டும். சம்பளப் பட்டியலுக்குள் வரவேண்டாம்.