பழைய வேன் வாங்குவோர் கவனத்திற்கு

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை நகரின் எல்லைகளில் வரிசை வரிசையாக வந்து நிற்கும் வேன்களைக் கண்டவர்களுக்கு, வேன் என்பது இவ்வூரில் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போடும் பொருள் என்பதை விளக்க வேண்டியதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்ற வருவோரையும் கார்த்திகை தீபம் காண வருவோரையும் ஏற்றி இறக்கும் வண்டிகளில் நம்மவர்கள் ஓட்டுபவையும் உண்டு. அதே வண்டி மறுவாரம் ஒரு நிக்காஹ் கூட்டத்தை ஆம்பூருக்கோ வாணியம்பாடிக்கோ ஏற்றிச் செல்லும். கோடை விடுமுறையில் ஒரு கூட்டுக் குடும்பத்தையே நாகூருக்கும் ஏற்காட்டுக்கும் கொண்டு போகும்.

அண்மைக் காலமாக இன்னொரு விருப்பமும் தலைகாட்டுகிறது. திரைப்படக்காரர்களின் கேரவனைப் பார்த்தோ, 2021ஆம் ஆண்டில் கேரள அரசு கேரவன் சுற்றுலாவை அறிவித்ததைக் கேள்வியுற்றோ, பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் குறைத்து, படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்தினால் ஓட்டல் செலவும் மிச்சம், பெண்களுக்குப் பர்தாவும் காக்கப்படும் என்று கருதுகிறார்கள். எண்ணம் நல்லதே. ஆனால் புதிய வண்டி வாங்க எல்லோருக்கும் வசதியில்லை. ஆகவே பழையதைத் தேடுகிறோம். பழைய வண்டியிலோ, புதுப் பெயிண்டும் பூப்போட்ட சீட் உறையும் ஜன்னல் திரையும் வண்ண விளக்குகளுமே முதலில் நம் கண்ணில் படுகின்றன. தேய்மானம் என்பது அவற்றுக்கு அடியில் இருக்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கண்டு, அதனுள் கையை நுழைத்துப் பார்த்ததையும், விரல்களில் ஈரம் பட்டதும் வியாபாரியை விசாரித்ததையும், ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதையும் நாம் அடிக்கடி பயான்களில் கேட்கிறோம். மோசடி செய்யும் வியாபாரிக்கான எச்சரிக்கையாகவே இந்த ஹதீஸை எடுத்துரைப்பது வழக்கம். வாங்குபவருக்கும் இதில் ஒரு பாடம் இருப்பதாக நான் கருதுகிறேன். மேற்பரப்பைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல், உள்ளே கை நுழைக்கப்பட்டது அல்லவா?

விற்பதற்கு முன்பே பொருளில் இருந்த குறை பின்னர் தெரிய வந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நமது ஃபிக்ஹு நூல்கள் ‘கியாருல் ஐப்’ என்று கூறுகின்றன. எனினும், எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை என்று விற்பவர் நிபந்தனையிட்டு, அதை நீங்கள் ஏற்றுக்கொண்டு வாங்கினால், ஹனஃபி மத்ஹபின்படி அந்த உரிமை கைநழுவிவிடும். தரகர்கள் “பார்த்த இடத்தில் பார்த்தபடி” என்று கூறுவது இதைத்தான். நாட்டின் சட்டமும் வேறு திசையில் இல்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில், பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு என்பதே பொது விதி, விதிவிலக்குகள் சிலவே.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வளைகுடாவில் ஒன்பது ஆண்டுகள் வாகனம் ஓட்டித் திரும்பியவர். சேமிப்புடன் மனைவியின் நகைகளையும் விற்றுச் சேர்த்த தொகையில் வேன் வாங்க முனைந்தார். “ஹஜ்ரத், நீங்களும் வந்து துஆச் செய்யுங்கள்” என்று அழைத்தார். துஆவுக்கு முன் ஒரு மெக்கானிக்கை அழையுங்கள் என்றேன். நான் கலைப்பட்டம் பெற்றவன், இயந்திரம் அறியாதவன். எங்களுடன் வந்த பெரியவரோ நாற்பது ஆண்டுகளாக டீசல் வண்டிகளின் அடியில் படுத்து எழுந்தவர். அன்று அவர் செய்தவற்றையும், பின்னர் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையுமே இங்கு எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்குச் சென்றோம். பெரியவர் வணக்கம் கூறிய கையோடு பானட்டின் மீது உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது. “சாவியை வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, அஸருக்குப் பிறகு வருகிறோம். அதுவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்” என்று கூறிவிட்டுத் திரும்பிவிட்டார். விற்பவருக்குக் கோபம். காரணத்தைப் பெரியவர் வழியில் சொன்னார். தேய்ந்த டீசல் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் உண்மை பேசும். முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்தால் எந்தக் கிழட்டு என்ஜினும் ஒரே சாவியில் கிளம்பிவிடும்.

மாலையில் மீண்டும் சென்றபோது ரேடியேட்டர் மூடியை முதலில் திறந்தார். குளிர்ந்த வண்டியில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் பார்க்கும் குச்சியில் பால்கலந்த தேநீர் போன்ற நிறம் இருந்தாலோ, ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அல்லது ஹெட்டில் விரிசல் இருக்கலாம். அந்த வண்டியில் அது இல்லை.

பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் புகையைப் பார்த்தார். குளிரில் சிறிது வெண்புகை வந்து நின்றுவிட்டால் கவலையில்லை. என்ஜின் சூடான பின்னும் வெண்புகை நிற்காமல், இனிப்பான வாடையும் இருந்தால் கூலன்ட் எரிகிறது. நீலம் கலந்த புகை ஆயில் எரிவதைக் காட்டும். கரும்புகை பெரும்பாலும் இன்ஜெக்டர், பம்பு, அல்லது அடைபட்ட ஏர் ஃபில்டரின் கோளாறு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்தத் துவாரத்தின் மீது மெல்ல வைத்தார். மூடி தடதடவென்று ஆடியது. துவாரத்திலிருந்து விட்டு விட்டுப் புகை பீறிட்டது. “பேக் கம்ப்ரஷன்” என்றார். பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டதால், மேலே எரிய வேண்டிய அழுத்தம் கீழே ஆயில் அறைக்குள் இறங்குகிறது. சரிசெய்ய என்ஜினைப் பிரிக்க வேண்டும். ஆயிலும் வழக்கத்தைவிடக் கெட்டியாக இருந்தது. சத்தத்தையும் புகையையும் சில நாள்களுக்கு அமுக்கி வைக்கக் கெட்டி ஆயில் ஊற்றுவது பழைய தந்திரமாம். கியர் பெட்டியின் இரைச்சலையும் இவ்வாறே அடக்குவதுண்டு.

மீட்டரில் 72,000 கிலோமீட்டர் காட்டியது. பத்து ஆண்டுகள் டிரிப் அடித்த வேனுக்கு இது நம்பத்தக்கதா? டிஜிட்டல் மீட்டரையும் திருத்துவோர் உள்ளனர். ஆகவே எண்ணைப் பார்க்காமல், கால்படும் இடங்களைப் பார்க்க வேண்டும். பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறதா, அல்லது அண்மையில் புதிதாக மாற்றப்பட்டிருக்கிறதா? ஸ்டியரிங் வளையம் பளபளக்கிறதா? டிரைவர் இருக்கையின் ஓரம் அமுங்கியிருக்கிறதா? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் வயது முதிர்ந்த ரப்பர் வெடிக்கக்கூடியது. சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் யாவும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஒரு விளக்கு எரியவே இல்லையென்றால், அதைக் குருடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

என் மாணவர் அந்த வண்டியை விட்டுவிட்டார். முன்பணம் கொடுக்காமல் பார்க்கச் சென்றதால் விடவும் முடிந்தது. இரண்டு மாதம் கழித்து இன்னொன்றைக் கண்டார். அதில் என்ஜின் நன்று. கோளாறெல்லாம் அதற்குப் பின்னால்தான். கைபிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விட்டபோது என்ஜின் நின்றிருக்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. கிளட்ச் வழுக்குகிறது. (இச்சோதனையை ஒருமுறைக்கு மேல் செய்தால் நல்ல கிளட்சும் கருகும்.) முன்னும் பின்னும் மாற்றி நகர்த்தியபோது அடியில் ‘டங்’ என்ற ஓசை. சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு அடியில் படுத்துப் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் திருக, கிராஸ் ஜாயிண்டில் ஆட்டம் தெரிந்தது. சென்டர் பேரிங் ரப்பரும் கிழிந்திருந்தது. இவை யாவும் மாற்றத்தக்கவை. மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசி முடித்தார்கள். குறையில்லாத பழைய வண்டி கிடைக்காது. தெரிந்த குறையோடு வாங்குவதே வாங்குவது.

பிரேக்கைப் பற்றி மட்டும் விட்டுக்கொடுக்கலாகாது. பதினைந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலையிறங்கும்போது பெடல் கீழே போனால் யார் என்ன செய்ய முடியும்? பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்திருங்கள். அது மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. என்ஜினை நிறுத்தி, பெடலைப் பலமுறை மிதித்துவிட்டு, மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் சிறிதளவு தாழ வேண்டும். தாழாவிட்டால் பூஸ்டர் உதவவில்லை. சமதரையில் ஓட்டிப் பார்ப்பதும் போதாது. டீசல் செலவு நம்முடையதாயினும், போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் மலைப்பாதையில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்ப்பது நலம். ஏற்றத்தில் சூடு முள் ஏறுவதும் கிரௌனின் ஊளையும் அங்கேதான் வெளிப்படும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் ஒரு தனி ஆபத்து. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ வாகனங்கள் நீரில் மூழ்கின. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் நமது மலையில் மண் சரிந்து 7 உயிர்கள் பறிபோன அதே நாள்களில், ஊத்தங்கரையில் சாலையோரம் நின்றிருந்த வாகனங்கள் அடித்துச் செல்லப்பட்டன. இத்தகைய வண்டிகள் துடைக்கப்பட்டு வேற்றூரில் விலைக்கு வரக்கூடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வண்டல் கோடு அங்கே ஒளிந்திருக்கும். இருக்கைக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் துரு, முன்விளக்கின் உள்ளே நீர்க்கறை, ஃபியூஸ் பெட்டியில் மண், வயர் இணைப்புகளில் வெள்ளைப் பொடி ஆகியவையும் சாட்சிகள்.

ஏற்கனவே வீடாக மாற்றப்பட்ட வண்டியானால், விரிப்பைத் தூக்கித் தரைப் பலகையைக் கட்டை விரலால் அழுத்த வேண்டும். மெத்தென்று உள்ளே போனால் ஊறிவிட்டது. கூரையில் ஏ.சி.க்காக வெட்டிய இடங்களின் ஓரமே பெரும்பாலும் ஒழுகும். தண்ணீர்த் தொட்டி ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கத்துப் பட்டை அமர்ந்து, வண்டி சாய்ந்து நிற்கும். பத்தடி தள்ளி நின்று பின்புறமிருந்து பார்த்தாலே தெரியும். இந்த ஒரு சோதனைக்கு மெக்கானிக் தேவையில்லை. வீட்டிலுள்ள பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள். ஈர வாடையை ஆண்களைவிட அவர்கள் விரைந்து கண்டுகொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

இனிக் காகிதங்கள். சேசிஸில் பொறித்த எண்ணும் என்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்திருக்க வேண்டும். வாடகை வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். நிதி நிறுவனத்தின் கடன் பதிவு இருந்தால் 35ஆம் படிவம் வந்த பின்னரே பணம் தர வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்கள். வேற்று மாநிலப் பதிவாயின் தடையில்லாச் சான்றுக்கு 28. விற்பவர்களுக்கும் ஒரு சொல்: பெயர் மாறாத வரை, விபத்து நேர்ந்தால் ஆர்.சி.யில் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது. வேனை வீடாக மாற்ற எண்ணுவோர், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் பற்றி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே தச்சரை அழைக்க வேண்டும். தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை அனுமதியின்றி மாற்றலாகாது என்பதை அந்நீதிமன்றம் 2019இலும் வலியுறுத்தியிருக்கிறது. மாற்றிய பிறகு அந்த விவரம் ஆர்.சி.யிலும் ஏற வேண்டும். ஏறாத வண்டிக்கு இன்சூரன்ஸ் கேட்டுச் செல்லும்போதுதான் தகராறு தொடங்குகிறது.