கணக்கு படித்த கல் தச்சர்!

மாமல்லபுரத்தில் பஸ்சை விட்டு இறங்கி ஐந்து ரதம் பக்கம் நடந்தால், 'டக் டக்' என்று உளிச் சத்தம் கேட்கும். இப்போது மெஷின் இரைச்சலும் சேர்ந்துவிட்டது. இந்தத் தொழிலில் பலருக்கு வாத்தியாராக இருந்தவர், 2011 செப்டம்பரில் காலமான கணபதி ஸ்தபதி.

பிள்ளையார்பட்டிக்காரர். 1927-ல் பிறந்தார். பரம்பரைக் கல் தச்சர் குடும்பம். ஆனாலும் காலேஜுக்குப் போய் கணக்கில் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்து பட்டதாரிக்கு ஆபீசில் நாற்காலி காத்திருக்கும். கணக்கு படிச்ச ஆளுக்குக் கல்லுல என்னய்யா வேலை?

அவர் கல்லுக்கே வந்தார்.

1957-ல் மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய சிற்பப் பள்ளிக்கு முதல் தலைவர், அப்பா வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பிறகு அதே நாற்காலியில் மகன். அப்பன் தொழில் பிள்ளைக்கு என்பது ஊர் வழக்கம்தான். ஆனால் வீட்டுக்குள் மகனுக்கு மட்டும் சொன்ன அளவுகளை, வகுப்பில் ஊரார் பிள்ளைகளும் கற்றார்கள்! நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் இருந்து முகவாய் வரை ஒரு தாளம். மொத்த சிலையும் அந்தக் கணக்கில்தான் எழும்பும். படித்த கணக்கு வீண் போகவில்லை.

கன்னியாகுமரி வள்ளுவர் சிலையும் அவர் கை வேலை. பீடம் 38 அடி, சிலை 95 அடி, ஆக 133. கன்னியாகுமரி, அம்பாசமுத்திரம், சோழிங்கநல்லூர் என்று மூன்று இடங்களில் கல் செதுக்கி, கடல் நடுவே அடுக்கினார்கள். திறந்தது 2000 ஜனவரி 1-ந்தேதி.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. மாமல்லபுரம் கரையிலும் தண்ணீர் ஏறிய அதே நாள். குமரியில் வள்ளுவர் அசையாமல் நின்றார்.