ரிவர்ஸில் போகும் கப்பல்

“மாமா, ஒளியவிட வேகமாப் போற கப்பல் ரிவர்ஸ் எடுக்குமா?” படம் பார்த்துவிட்டு வந்த மருமகன் கேட்டான். சாதாரண வேகத்தில் என்றால் பிளேன்டீ ஆறுவதற்குள் பதில் சொல்லிவிடலாம். விண்வெளியில் உராய்வு கிடையாது. எஞ்சினை நிறுத்திய பிறகு மூக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் கலம் போன திசையிலேயே போகும். நிலவை நெருங்கிய அப்பல்லோ கலங்கள் வேகத்தைக் குறைத்ததே, எஞ்சின் பக்கத்தை முன்னால் திருப்பி எரித்துத்தான்.

ஒளியை முந்துவதில்தான் வில்லங்கம். மெக்சிக்கோவின் மிகுவேல் அல்குபியெரே 1994இல் கணக்கில் ஒரு வழி காட்டினார். கப்பலைச் சுற்றி ஒரு குமிழி. அதன் முன்னால் வெளி சுருங்குகிறது, பின்னால் விரிகிறது, கப்பல் உள்ளே சும்மா நிற்கிறது. சுருங்கும் பக்கம்தான் முன்பக்கம். ஆகவே வால் முன்னே போவதற்குத் தடை ஏதுமில்லை. ஆனால் ஓட்டத்தின் நடுவே திசையை மாற்ற நினைத்தால், உள்ளேயிருந்து அனுப்பும் எந்தச் சைகையும் குமிழியின் முன்சுவரை எட்டாது. ஸ்டியரிங் இல்லாத வண்டி! அதற்கு வேண்டிய எதிர்ம ஆற்றலும் யாரிடமும் இல்லை.

நம் சிவனொளிபாதமலையை மனதில் வைத்து 1979இல் நாவல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், மலையுச்சியிலிருந்து விண்ணுக்கு லிஃப்ட் வைத்தார். அதற்காகத் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தினார். அவ்வளவு துணிந்தவர்கூட, அதில் வரும் அந்நியக் கலத்தை ஒளியை முந்த விடவில்லை.

முந்தினால் நமக்கு என்ன தெரியும் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எதிர்மலை லயத்தில் தப்பு அடிக்கிறார்கள். குச்சி விழுவது உடனே தெரியும். ஒரு கிலோமீட்டர் தூரமென்றால் சத்தம் வர மூன்று விநாடி ஆகும். அடிக்கிறவர் ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில், அடித்தபடியே நம்மிடம் பறந்து வருகிறார் என்று வையுங்கள். ஆள் முதலில் வந்து நிற்பார். கடைசி அடி முதலில் கேட்கும், முதல் அடி கடைசியில். ரெய்லி பிரபு 19ஆம் நூற்றாண்டிலேயே தன் ஒலியியல் நூலில் இதைச் சொல்லிவிட்டார்: பாட்டு தாளமும் சுருதியும் கெடாமல் தலைகீழாகக் கேட்கும்.

தப்புக்குப் பதில் கப்பல், சத்தத்துக்குப் பதில் வெளிச்சம். 4.24 ஒளியாண்டு தொலைவிலுள்ள புரொக்சிமா சென்டோரியிலிருந்து ஒளியைப் போல பத்து மடங்கு வேகத்தில் ஒரு கப்பல் புறப்பட்டால் ஐந்து மாதத்தில் இங்கே வந்துவிடும். வரும்வரை கண்ணுக்குத் தெரியாது. வந்து நின்ற பிறகுதான், வழியில் அது விட்ட ஒளி ஒவ்வொன்றாக வந்து சேரும். பக்கத்தில் விட்டது முதலில், தொலைவில் விட்டது பிறகு. கப்பல் இங்கே நிற்க, அதன் பிம்பம் மூக்கு நம்மைப் பார்த்தபடியே வானத்தில் பின்னோக்கிப் போகும். புரொக்சிமாவை அது எட்ட ஏறத்தாழ 3 ஆண்டு 10 மாதம். வகுத்துப் பாருங்கள்: ஒளியைப் போல 1.11 மடங்கு வேகம்.

மருமகன் கேட்ட ரிவர்ஸ் இதுதான். பிம்பம் எதையும் சுமந்து போகாததால் ஐன்ஸ்டைனுக்கு இதில் ஆட்சேபம் இல்லை. அவருடைய ஆட்சேபமெல்லாம் கப்பல் வந்த வேகத்தில்தான்.