தலை அசைந்தால் இணைப்பு அறுமா?

‘முகத்தை அறியும் மூளைப் பகுதிக்கும் உணர்ச்சியை எடைபோடும் பகுதிக்கும் ஆட்டிசத்தில் இணைப்பு குறைவாமே, மகனுக்கு ஸ்கேன் எடுக்கலாமா?’ என்று கேட்கிறார் இலஞ்சி வாசகி ஒருவர். அதற்காக என்றால் வேண்டாம்.

அந்த ‘இணைப்பு’ யாரும் நரம்பை எண்ணிச் சொன்னது அல்ல. எஃப்.எம்.ஆர்.ஐ. கருவி ரத்த ஆக்சிஜனின் ஏற்ற இறக்கத்தைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை அளக்கும். முகத்தை அறியும் ஃபியூசிஃபார்ம் மடிப்பும் உணர்ச்சியை எடைபோடும் அமிக்டலாவும் சேர்ந்து ஏறி இறங்கினால் இணைப்பு வலுவு. தாளம் தப்பினால் பலவீனம். அவ்வளவுதான்.

குற்றாலம் ஐந்தருவிக்கு எதிரே கேமரா வைத்து, எந்தக் கிளை எதனோடு சேர்ந்து பெருகுகிறது என்று அளப்பதாக வையுங்கள். குரங்கு ஒன்று கேமராவில் தாவுகிறது. படம் சாய்ந்ததும் பக்கத்துப் பக்கத்துக் கிளைகள் ஒன்றாகத் துள்ளும். இந்த ஓரம் ஏற, அந்த ஓரம் இறங்கும். சாரல் காலம் முழுக்கக் குரங்கு அங்கேயே குடியிருந்தால், ‘கிட்டத்தில் உறவு அதிகம், தூரத்தில் உறவு குறைவு’ என்று அறிக்கை வரும். அருவி பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கும்.

ஸ்கேனில் அந்தக் குரங்கு, தலையசைவு. மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவே கிட்டத்து இணைப்பைக் கூட்டி, தூரத்து இணைப்பைக் குறைத்துக் காட்டும் என்று 2012-ல் ஜோனதன் பவர் குழுவினர் நிறுவினார்கள். ஆட்டிச மூளையின் அடையாளம் என்று அதுவரை பேசப்பட்டதும் ஏறக்குறைய இதே கோலம்தான்! இரைச்சலிடும் குழாய்க்குள் எந்தக் குழந்தை, அதிலும் ஆட்டிசம் உள்ள குழந்தை, ஆடாமல் படுத்திருக்கும்? அசைவைக் கழித்த பிறகும் வேறுபாடு முழுதாக மறையவில்லை. ஆனால் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது.

இப்படி அவசரப்பட்ட வரலாறு வேண்டுமா? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், பிறர் செய்வதைப் பார்த்தாலே கிளரும் ‘கண்ணாடி நியூரான்’களின் பழுதே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று 2006-ல் லிண்ட்சே ஓபர்மேனுடன் எழுதினார். பத்திரிகைகள் கொண்டாடின, பின்வந்த சோதனைகள் ஒத்துழைக்கவில்லை.

எனக்குப் பிடித்தது விஸ்கான்சினில் கிம் டால்டன் குழுவினர் 2005-ல் செய்த ஆய்வு. ஆட்டிசம் உள்ளவர்கள் படத்திலுள்ள கண்களை எவ்வளவு நேரம் பார்த்தார்களோ, அவ்வளவுக்கு அமிக்டலா கிளர்ந்தது. முகம் திருப்புவது அக்கறையின்மை என்று நினைக்கிறோம். தாங்கமுடியாத கிளர்ச்சியாகவும் இருக்கலாம்.

ஆட்டிசத்தை உறுதிசெய்யும் ஸ்கேன் இன்றுவரை இல்லை. இந்தியாவில் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலின் 40 அம்சங்களும் குழந்தையின் நடத்தையைப் பார்த்தே மதிப்பிடப்படுகின்றன. இலஞ்சிக்குப் பக்கத்து ஆய்க்குடியில் 1981 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் இருக்கிறது. ஸ்கேனுக்கு எடுத்துவைத்த பணத்தைத் தொடாமல் முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.