கால் கப்பால் எத்தனை முறை?

கேக் செய்ய 2¾ கப் மாவு வேண்டும். உங்களிடம் கால் கப் அளவுக்குவளை மட்டுமே உள்ளது. எத்தனை முறை அள்ளுவீர்கள்?

ஒரு கப்புக்கு 4 முறை. இரண்டு கப்புக்கு 8 முறை. மீதி முக்கால் கப்புக்கு 3 முறை. மொத்தம் 11. ஆக, 2¾ = 11/4. முழு எண்ணைப் பகுதியால் பெருக்கித் தொகுதியைக் கூட்டுகிறோமே, அதன் பொருள் இதுதான். குவளை மாறவில்லை, அதனால் பகுதி 4 மாறாது.

தகாப் பின்னமாக மாற்றுவது எதற்கு? 1½ × 2½ கணக்கைப் பாருங்கள். முழு எண்களைத் தனியாகவும் பின்னங்களைத் தனியாகவும் பெருக்கினால் 2¼ வரும். 2½ஐ ஒன்றரை மடங்காக்கினால் அது குறையுமா? குறையாது. 3/2 × 5/2 = 15/4, அதாவது 3¾ என்பதே சரியான விடை. கலப்புப் பின்னங்களைப் பெருக்கும் முன் மாற்ற மறக்காதீர்கள்.