இரண்டு விரற்கடை

தடுப்பூசி போட்டுக்கொண்ட கை இரண்டொரு நாள் கனத்து வலிப்பது சகஜமேயாயினும், அந்த ஊசி தோளெலும்பின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, டெல்டாயிட் தசையின் பருத்த பாகத்தில் இறங்காமல், அவசரத்தில் சற்று மேலே இறங்கிவிடுமானால், மருந்து மூட்டை ஒட்டிய நீர்ப்பையிலும் தசைநாரிலும் புகுந்து அழற்சியை உண்டாக்க, தலை வாரவும் சட்டைக் கையை மாட்டவும் மாதக்கணக்கில் இயலாமற்போவதுண்டு. அமெரிக்காவில் 'சிர்வா' என்று வழங்கும் இந்த உபாதைக்குச் சட்டத்திலும் ஓர் ஸ்தானம் கிடைத்திருக்கிறது.

கக்குவான் ஊசியைப் பற்றிய வழக்குகள் மலிந்து, உற்பத்தியாளர்கள் தொழிலையே விட்டு விலகத் தொடங்கிய காலத்தில், 1986-ல், அந்நாட்டுக் காங்கிரஸ் குழந்தைகளை உத்தேசித்து இயற்றிய சட்டம் அது. கம்பெனியின்மேல் பாய்வதற்கு முன், சுகாதாரத்துறைச் செயலாளரைப் பிரதிவாதியாக்கி, ஃபெடரல் க்ளெய்ம்ஸ் நீதிமன்றத்தில் மனுச் செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு டோஸுக்கும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வீதம் வசூலாகும் வரியே நஷ்டஈட்டு நிதி. 2017-ல் அச்சட்டத்தின் உபாதை அட்டவணையில் தோளும் ஏறியது. விசித்திரம் என்னவென்றால், பின்னர் வந்த மனுக்களில் பாதிக்குமேல் தோளைப் பற்றியவையே.

ஊசி போட்டவர் தவறினாரா என்ற விசாரணையே இங்கு இல்லை. முன்பு நோவு காணாத தோளில், 48 மணி நேரத்துக்குள், அந்தத் தோளில் மட்டுமே வலி தொடங்கி, பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வேறு காரணமும் தென்படாவிட்டால், ஊசியே காரணமென்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். மனு மட்டும் முதல் வலியிலிருந்து 3 ஆண்டுக்குள் வர வேண்டும். ஆனால், தானே சரியாகிவிடுமென்று இரண்டு மாதம் பல்லைக் கடித்திருந்து, பிறகு டாக்டரிடம் போய், "கொஞ்ச நாளாக வலிக்கிறது" என்றவரின் சிகிச்சைக் குறிப்பில் அந்தச் சொற்களே பதிவாகியிருக்க, 'ஸ்பெஷல் மாஸ்டர்' என்னும் விசாரணை அதிகாரி வலி அந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கியதுதானா என்று பிற்பாடு அவற்றைத் துருவிப் படிப்பார். பொறுமையைப் புண்ணியமென்று கற்று வளர்ந்தவர்களுக்கு இது அநியாயமாகவே படும், எனக்கும் படுகிறது.

வேதனைக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். சிகிச்சைச் செலவும் இழந்த சம்பளமும் தனி. வக்கீல் கட்சிக்காரரிடம் பங்கு கேட்கலாகாது. நல்லெண்ணத்தோடும் தக்க ஆதாரத்தோடும் போட்ட மனு தோற்றாலும் அவர் கட்டணத்தை நிதியே கொடுத்துவிடலாம். கொரோனா ஊசிக்கோ இந்தச் சலுகை எதுவும் இதுவரை கிட்டவில்லை. அது அடங்கும் வேறொரு திட்டத்தில் கெடு ஊசி போட்ட நாளிலிருந்து ஓராண்டே, வக்கீல் கட்டணமும் கிடையாது, வலிக்கென்று ஒரு காசும் கிடையாது.